தேகபலமும் தலைவிதியும்

(வாலிபர்கள் தேகப்பயிற்சிச் சாலை ஒன்றின் திறப்பு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர் வாலிபர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு தேகப்பயிற்சிச் சாலை ஏற்படுத்தி, அதைத் திறந்து வைத்து இரண்டு வார்த்தை பேசும்படி நம்மை அழைத்திருக்கிறார்கள். நாம் பயில்வானுமல்ல, வைத்தியருமல்ல. பின் எதற்காக நம்மை அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் யோசித்துப் பார்த்ததில், இந்த விஷயத்தில் பயில்வான்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லையென்றும், பயில்வான் அல்லாத சாதாரண ஜனங்களுக்கும், அதிலும் ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், பெண்களுக்குமே சொல்ல வேண்டியது அதிகமிருக்கிறதென்றும் பட்டதால் ஒப்புக்கொண்டு வந்தோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் சொல்லப்போவதை, நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். முன்னோர்கள் சொன்னார்கள் என்பதற்காகவும் நம்ப வேண்டாம். டாக்டர்கள் சொல்லுகிறார்கள் என்பதற்காகவும் நம்ப வேண்டாம். என்ன பரீட்சை செய்தார்கள், யாரை வைத்துச் செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். மற்ற விஷயங்களைவிட தேக விஷயத்தில் இது சுலபம். ஏனெனில், பரீட்சைக்கு வேண்டிய சாமான் உங்களிடமே இருக்கிறது. அது உங்கள் சொந்தக் கை கால்களேயாகும்.

நம் வீட்டுச் சங்கதி

நமது அத்தையார் ஒருவர் இருந்தார். நாற்பது வருஷ காலம் நாற்று நட்டு, களை பறித்து, தலைச்சுமை சுமந்து பிழைத்தவர். அறுபத்தெட்டாவது வயதில் ஒருநாள் திண்ணைப்படியில் சறுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் நாமெல்லோரும் சேர்ந்து, "இனி நீங்கள் ஒரு வேலையும் செய்யக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது" என்று கட்டிலில் உட்கார வைத்துவிட்டோம். சோறும் தண்ணீரும் கட்டிலுக்கே வந்தன. எல்லாம் அன்பினால் செய்ததுதான். மூன்று மாதம் கழித்து அவரை எழுந்திருக்கச் சொன்னபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்குமேல் நான்கு வருஷம் உயிரோடிருந்தார். அந்த நான்கு வருஷமும் கொல்லைப்புறம் போக வேண்டுமானால் இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டும். அவர் சாவுக்குப் பயப்படவில்லை. ஒவ்வொரு தடவையும், "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட வேண்டியிருந்ததே, அதற்குத்தான் கூசினார்.

ஊரார் என்ன சொன்னார்கள்? "வயதாகிவிட்டது, தலையெழுத்து" என்றார்கள். நாமும் அப்படியே சொன்னோம். தலையெழுத்து என்பதையே ஒப்புக்கொள்ளாத நாமும் இந்த விஷயத்தில் அப்படியே சொன்னோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். பின்னால் இது சம்பந்தமான ஆராய்ச்சிகளைப் படித்த பிறகுதான், அந்த அம்மையாரைக் கட்டிலில் போட்டது விதியுமல்ல, வயது மாத்திரமுமல்ல, நம்முடைய அறியாமையே என்று தெரிந்தது. அதை உங்களிடம் சொல்லவே இன்று வந்தோம்.

படுக்கை செய்யும் வேலை

2007-ம் வருஷத்தில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். சுமார் 67 வயதுள்ள, நோய் நொடியில்லாத மனிதர்கள் சிலர் சம்மதித்து, பத்து நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். நல்ல ஆகாரம் கொடுக்கப்பட்டது. பத்தாம் நாள் அளந்து பார்த்ததில் அவர்களுடைய கால்களிலிருந்து மாத்திரம் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. பத்தே நாள், தோழர்களே! நோயுமில்லை, பட்டினியுமில்லை. சும்மா படுத்திருந்ததற்கு உடம்பு கொடுத்த அபராதம் ஒரு கிலோ. அப்படியானால் நம் அத்தையாரின் மூன்று மாதக் கட்டில் என்ன செய்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

படுக்கையே இல்லாவிட்டாலும், முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரையில் தசை குறைந்துகொண்டே வருகிறதென்றும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறதென்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் வயதின் பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உபயோகிக்காமையின் பங்கும் இருக்கிறது. உழாத நிலம் தரிசாகிப்போவது நிலத்தின் விதியா, உழாதவன் குற்றமா என்று கேட்கிறோம்.

தொண்ணூறு வயதுக் கிழவர்கள்

"சரி, போனது போய்விட்டது; கிழவயதில் போன தசை திரும்பி வருமா?" என்று கேட்பீர்கள். டாக்டர்களே வெகுகாலம் வராதென்றுதான் நினைத்திருந்தார்கள். 1990-ல் பாஸ்டன் நகரத்தில் இது பரீட்சிக்கப்பட்டது. முதியோர் இல்லம் ஒன்றிலிருந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 90. எல்லோரும் தள்ளாதவர்கள். அவர்களை எட்டு வாரம், உட்கார்ந்தபடியே காலால் எடை தூக்கும்படி செய்தார்கள். பேருக்கு ஏதோ லேசான எடையல்ல. அவரவரால் ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற எடையில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை தூக்கச் செய்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியில் நூற்றுக்கு 174 பங்கு அதிகரித்தது. தொடைத் தசையின் அளவே நூற்றுக்கு 9 பங்கு பெருத்தது. இருவர் கையிலிருந்த தடியைப் போட்டுவிட்டார்கள். நாற்காலியைக் கையால் ஊன்றாமல் எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் ஊன்றாமல் எழுந்தார். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் பலம் மறுபடியும் குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பத்துப் பேரை வைத்துச் செய்தது போதுமா என்று ஒரு பகுத்தறிவுவாதி கேட்க வேண்டும். அவர்களே கேட்டுக்கொண்டார்கள். 1994-ல் நூறு பேரை வைத்து, பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்கள், சத்து ஆகாரம் மாத்திரம் பெற்றவர்கள் என்று பிரித்துப் பத்து வாரம் பார்த்தார்கள். சராசரி வயது 87. பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. நடையும் மாடிப்படி ஏறுவதும் வேகமடைந்தன. பயிற்சியில்லாமல் சத்து ஆகாரம் மாத்திரம் பெற்றவர்களுக்கு பலம் ஏறவில்லை. "பாட்டிக்கு சத்து மாவு வாங்கிக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது" என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இளவட்டக்கல்

நிற்க. எடை தூக்குவது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். நம் தென்பாண்டிக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று இன்றும் சில ஊர்களில் கிடக்கிறது. வாலிபன் அதைத் தூக்கித் தோளைத் தாண்டிப் போட்டால்தான் பெண் கொடுப்பது என்றிருந்ததாகச் சொல்லுகிறார்கள். கல் என்றாலே நட்டுக் கும்பிடுவதற்கென்றிருந்த நாட்டில், தூக்கிப் பார்ப்பதற்கென்றே ஒரு கல்லைப் போட்டு வைத்தவர்கள் புத்திசாலிகளே. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் நம்மிடமிருந்தவையே. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சாண்டோ என்ற ஐரோப்பிய பயில்வான் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டிவிட்டுப் போனார். அவர் பெயரையே நம்மவர்கள் பட்டமாகப் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் இவற்றிலெல்லாம் ஒரு குறை இருந்தது. இளவட்டக்கல் ஒரே எடை. அது தூக்க முடிந்தவனைக் காட்டிக்கொடுக்குமேயல்லாமல், முடியாதவனை முடிந்தவனாக்காது. முடியாதவனை ஆக்குவதற்கு வழி கண்டு சாஸ்திரமாகச் செய்தவர் டிலோர்ம் என்கிற அமெரிக்க ராணுவ டாக்டர். அவரே வாலிபத்தில் காய்ச்சலில் மாதக்கணக்கில் படுத்து, "இனி பாரமான காரியம் ஒன்றும் செய்யாதே" என்று வைத்தியர்களால் எச்சரிக்கப்பட்டு, அதைக் கேளாமல் எடை தூக்கித் தேறியவர். இரண்டாவது உலக யுத்தத்தில் கால் முறிந்து வந்த சிப்பாய்களுக்கு அப்போது லேசான அப்பியாசத்தையே பல தடவை செய்யச் சொல்வது வழக்கம். இவர் பாரமான எடையைச் சில தடவை தூக்கச் செய்து, பலம் ஏற ஏற எடையையும் ஏற்றிக்கொண்டே போனார். சிப்பாய்கள் விரைவில் தேறினார்கள். 1945-ல் இதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் எல்லாப் பயிற்சிக்கும் இதுவே அஸ்திவாரம். சுலபமாகிவிட்டால் கொஞ்சம் கூட்டு, இவ்வளவுதான் ரகசியம். மந்திரமுமில்லை, தாயத்துமில்லை.

சர்க்கரையும் குதிரும்

இனி, தசை எதற்கு வேண்டும் என்பதைப் பார்ப்போம். பெரும்பாலோர் அதை பாரம் தூக்குவதற்கும் அழகுக்கும் என்றே நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை வேறே இருக்கிறது. நாம் சாப்பிடும் சோறும் இட்டிலியும் வயிற்றில் சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்கிறது. அறுவடையான நெல் களத்தில் குவிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்திலேயே கிடந்தால் கெட்டுப்போகும். குதிரில் கொட்ட வேண்டும். உடம்பில் இந்தக் குதிர்கள் இரண்டு. ஒன்று கல்லீரல், அதில் சுமார் 100 கிராம் கொள்ளும். மற்றொன்று தசைகள், அவற்றில் சுமார் 400 கிராம் கொள்ளும். ஆகவே பெரிய குதிர் தசைதான். இன்சுலின் என்கிற சுரப்பு அந்தக் குதிரின் கதவைத் திறக்கும் சாவி.

தசை சிறுத்துவிட்டால் குதிர் சிறுத்தது. தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் நேற்றுக் கொட்டிய நெல்லே குதிரில் அப்படியே கிடக்கிறது. இன்று கொட்ட இடமில்லை. சாவியும் நாளடைவில் பூட்டில் சரியாகத் திரும்புவதில்லை. அப்போது சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிக் கண்ணையும், சிறுநீரகத்தையும், காலையும் கெடுக்கிறது. இதுதான் பெரியவர்களுக்கு வருகிற நீரிழிவின் பெரும்பகுதிக் கதை. ஆனால் தசை வேலை செய்யும்போது ஒரு விசேஷம் நடக்கிறது. இன்சுலின் என்ற சாவி இல்லாமலேயே வேறொரு கதவு திறந்து, தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளுகிறது. வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் அதற்கு அந்தப் பசி இருக்கிறது.

இதுவும் பரீட்சிக்கப்பட்டதே. 2002-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நீரிழிவுள்ள வயதானவர்கள் 62 பேரில் ஒரு பகுதியாருக்கு 16 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்தப் பரீட்சையின் அளவு அவர்களுக்கு 8.7-லிருந்து 7.6-க்கு இறங்கிற்று. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு டாக்டர்களே மருந்தின் அளவைக் குறைத்தார்கள். டாக்டர்கள் குறைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் பேசியதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் யாரும் மாத்திரையைத் தெருவில் எறிய வேண்டாம்.

ஒல்லியானவர்க்கும் ஆபத்து

"எனக்கென்ன, நான் ஒல்லிதானே" என்று சிலர் தைரியமாயிருக்கிறார்கள். 2004-ல் இரண்டு டாக்டர்கள் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஒருவர் புனாவைச் சேர்ந்த யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு நூற்றுக்கு 9.1, புனாக்காரருக்கு 21.2. அதாவது வெளியில் ஒரே ஒல்லி. உள்ளே ஒருவருக்குத் தசை, மற்றவருக்குக் கொழுப்பு. இந்தியர்களில் ஏராளமானவர்கள் இந்த இரண்டாவது ரகமே. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரால் சென்னை ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம். அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம். இது பட்டணத்துப் பணக்காரர் வியாதியென்ற காலம் போய்விட்டது. டிராக்டர் உழுகிறது, மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, கிரைண்டர் மாவாட்டுகிறது. இயந்திரம் வந்தது நல்லதே. மனிதன் மாடாக உழைக்க வேண்டாம் என்பதே நம் கட்சி. ஆனால் மிஞ்சிய பலத்தை என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

புது மூடநம்பிக்கை

பழைய மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசிவிட்டுப் புது மூடநம்பிக்கையை விட்டுவிட்டால் அது நாணயமாகாது. "தசை வளர்த்துவிட்டால் தூங்கும்போதும் கொழுப்பு எரிந்துகொண்டேயிருக்கும், எதையும் தின்னலாம்" என்று சில பயிற்சிக்கூடக்காரர்கள் சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். கணக்கு என்ன? ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு எரிப்பது சுமார் நாலரை. அரும்பாடுபட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் தினம் கூடுதலாக எரிவது ஓர் இட்டிலிக்குக்கூட ஈடாகாது. ஆகவே லாபம் அங்கே இல்லை. லாபம், முன் சொன்ன குதிரில் இருக்கிறது. அன்றியும், ஒருவர் ஆகாரத்தை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. எடைப் பயிற்சியும் செய்துகொண்டு இளைத்தால் தசை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது.

டப்பா டப்பாவாக விற்கும் பவுடரும் அவசியமில்லை. வளர்ந்தவர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு தினம் சுமார் 0.83 கிராம் புரதம் வேண்டுமென்று நம் நாட்டு நிபுணர்கள் 2020-ல் சொல்லியிருக்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு அது 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் இருக்கிறது. பருப்பு, மீன், கறி, தயிர் எல்லாவற்றிலும் இருக்கிறது. சோற்று மலையின்மேல் ஒரு கரண்டிக் குழம்பு என்பதை மாற்றினால் போதும். சீக்கிரம் உடம்பு வர ஊசி போட்டுக்கொள்ளுவதோ, இருதயத்தையும் ஆண்மையையும் அடகு வைத்து உடம்பு வாங்குவதாகும். இந்தச் சாலையில் அந்த ஊசி நுழையக் கூடாதென்று வாலிபத் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

ஆயுளும் பலமும்

17 தேசங்களில், இந்தியா உட்பட, சுமார் ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பேருடைய கைப்பிடியின் பலத்தை அளந்து, பிறகு அவர்களைச் சில வருஷம் கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். பிடியின் பலம் 5 கிலோ குறையக் குறைய, சாவு நூற்றுக்கு 16 பங்கு அதிகமாகக் காணப்பட்டது. இதைக் கேட்டதும் கையை மாத்திரம் பிசைந்துகொண்டிருந்தால் ஆயுள் கூடுமென்று நினைத்துவிடக் கூடாது. கைப்பிடி, உடம்பு முழுவதன் பலத்துக்கும் ஓர் அடையாளம். நோயாளிக்குப் பலம் குறைவாயிருப்பதும் சகஜம். ஆகவே எது காரணம், எது காரியம் என்பதை இந்தக் கணக்கு மட்டும் முடிவு செய்யாது. ஆனால் விழுவதைப் பற்றிச் சந்தேகமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பரீட்சைகளை ஒன்றுசேர்த்து 2019-ல் பார்த்ததில், பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. கால் பலத்துக்கும் நிலை பிடித்து நிற்பதற்கும் சேர்த்துப் பயிற்சி செய்தால் இன்னும் அதிகம் குறைந்தது. கிழவயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் பாடு உங்களுக்குத் தெரியும். நாம் விவரிக்க வேண்டியதில்லை.

தாய்மார்களுக்கு

பெண்கள் எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், ஆண்பிள்ளை போலாகிவிடுவார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நாம் ஒன்று கேட்கிறோம். கட்டட வேலையில் சித்தாள் பெண் தலையில் செங்கல் அடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறாளே, அப்போது அவள் கர்ப்பப்பையைப் பற்றிக் கவலைப்பட்டவர் யார்? இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் வைத்து ஒரு மைல் நடக்கிறபோது இந்தச் சாஸ்திரம் எங்கே போயிற்று? பிறருக்காகச் சுமந்தால் வராத கேடு, தனக்காகத் தூக்கினால் மட்டும் வந்துவிடுமா? ஏற்கெனவே அடியிறக்கம் உள்ளவர்களும், பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியது நியாயம். மற்றவர்களுக்குப் பயமில்லை. ஆணுக்குத் தசையைப் பெருக்கும் சுரப்பு பெண்ணுக்கு மிகக் குறைவாகையால், அவர்கள் ஆணைப்போல் ஆவதுமில்லை. 2000-ம் வருஷம் ஸிட்னி ஒலிம்பிக்ஸில் இந்தியப் பெண்களில் முதன்முதல் மெடல் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரி வாங்கியது எதற்காக? எடை தூக்கியதற்காகவே, இரண்டு தூக்கிலும் சேர்த்து 240 கிலோ.

மெடல் எல்லோருக்கும் வேண்டாம். எலும்பு எல்லோருக்கும் வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. ஆஸ்திரேலியாவில் எலும்பு தேய்ந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு வாரம் இரண்டு நாள், நாளொன்றுக்கு அரைமணி, எட்டு மாதம், பக்கத்தில் ஆளிருந்து கவனிக்க, பாரமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் கனம் நூற்றுக்கு 2.9 ஏறிற்று; லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 இறங்கிற்று. எலும்பும் தசையைப் போலவே, பாரம் வந்தால்தான் தன்னைக் கெட்டியாக்கிக் கொள்ளுகிறது.

பாட்டாளித் தோழர்களுக்கு

"நாள் முழுவதும் மண்வெட்டி பிடிக்கிற எங்களுக்கு என்ன பயிற்சி?" என்று விவசாயத் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. உண்மையில் உங்களுக்கு முதலில் வேண்டியது நல்ல ஆகாரமும் ஓய்வுமேயாகும். கூலிக்குச் சுமப்பது வேறு, பயிற்சிக்குத் தூக்குவது வேறு. கூலிச்சுமையில் எடையை நிர்ணயிப்பவன் முதலாளி. நிறுத்தும் நேரத்தை நிர்ணயிப்பவனும் அவனே. ஒரே பக்கமாக, ஒரே மாதிரி, ஓய்வில்லாமல் சுமந்து இடுப்பு போனவர்கள் எத்தனை பேர்! பயிற்சியில் எடையை நிர்ணயிப்பவன் தூக்குகிறவன். உடம்பின் எல்லாப் பாகமும் முறையாக வேலை செய்து, பிறகு ஓய்ந்து, அந்த ஓய்வில் வளர்கிறது. கூலி வேலை குறைகிற வயதில்தான் உங்களுக்கும் பயிற்சி மிக அவசியம். நம் அத்தையார் நாற்பது வருஷம் சேர்த்து வைத்த பலம் மூன்று மாதத்தில் கரைந்ததை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லியிருப்பது, வளர்ந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது உடம்பின் எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலப்பயிற்சி கொடுக்க வேண்டுமென்பதே. இது நடையோடு சேர்த்து, நடைக்குப் பதிலாக அல்ல. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், வாரத்துக்கு 30 முதல் 60 நிமிஷம் வரையிலேயே பெரும்பலன் கிடைப்பதாகக் கண்டார்கள். ஆகவே நேரமில்லையென்ற சாக்கு எடுபடாது.

இரும்புக் குண்டு இல்லையே என்றும் சொல்ல வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது கால் பயிற்சி. சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளுவது, பிறகு திண்ணையில், பிறகு தரையில் தண்டால்; இது மார்புக்கும் தோளுக்கும். தண்ணீர்க் குடத்தையோ மணல் பையையோ முதுகு வளையாமல் தரையிலிருந்து தூக்கி வைப்பது இடுப்புக்கும் முதுகுக்கும். இரண்டு கையிலும் சமபாரம் பிடித்து நடப்பது பிடிக்கும் நிலைக்கும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்து, கடைசி இரண்டு தடவை கஷ்டமாயிருக்க வேண்டும். பன்னிரண்டும் சுலபமானால் கொஞ்சம் கூட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. ஒரு நாள் செய்தால் அடுத்த நாள் ஓய்வு. நெஞ்சுவலி உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு அடங்காதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், நீரிழிவினால் கண் கெட்டவர்கள் ஆகியோர் டாக்டரைக் கலந்துகொண்டே ஆரம்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பரீட்சை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பெரியவர்களை அதில் உட்காரச் சொல்லுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் பலம் குறைந்திருக்கலாமென்று ஆசிய தேசங்களின் வைத்திய நிபுணர்கள் 2019-ல் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் வாரம் இரண்டு நாள் பயிற்சி செய்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். எண் குறையாவிட்டால் நாம் சொன்னதைத் தள்ளிவிடுங்கள். குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

தோழர்களே! மானம் என்றும் சுயமரியாதை என்றும் நாம் எவ்வளவோ பேசுகிறோம். ஒரு மனிதன் தன் பாயிலிருந்து தானே எழுந்து, தன் காலால் நடந்து, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளுவதும் அதைச் சேர்ந்ததே. நம் அத்தையாருக்கு நாம் அதைக் கொடுக்கத் தவறினோம். உங்கள் வீட்டில் கட்டிலில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பெரியவர்களுக்கு நீங்கள் தவறாமலிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். வாலிபத் தோழர்களே, இந்தச் சாலையை உங்கள் புஜத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், வாரத்தில் இரண்டு நாள் காலை முதியவர்களுக்கும், இரண்டு நாள் மாலை பெண்களுக்கும் ஒதுக்கி விடுங்கள். அப்படிச் செய்தால் இதைத் திறந்து வைத்ததற்காக நாம் சந்தோஷப்படுவோம்.